மாம்பழப் பவுடர் டிரையர் சுவரில் ஒட்டுகிறது: நம்ம ஸ்டார்ச்சையே கலக்கலாமா?

குச்சிக்கிழங்கு_ஆத்தூர்

எல்லாருக்கும் வணக்கம். ஆத்தூர் பக்கம் எங்களுக்கு ஒரு சேகோ மில் இருக்குங்க. குச்சிக்கிழங்கு அரைச்சு ஸ்டார்ச்சும் ஜவ்வரிசியும் போடறோம், சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்துல வெச்சுத்தான் விக்கறோம். 2023-ல சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைச்சதுல எங்க வீட்டுல எல்லாருக்கும் பெருமைதான். ஆனா விலை ஏறி இறங்கற விதத்துக்கு அதை மட்டும் நம்பி உட்கார முடியலை. அதனால மில்லுக்குப் பக்கத்துலயே ஷெட் போட்டு, பழைய ஸ்பிரே டிரையர் (கரைசலைச் சூடான காத்துல தெளிச்சுப் பவுடராக்கற மெஷின்) ஒண்ணு வாங்கி ஓட்டிக்கிட்டு இருக்கேன். மில்லை அப்பா பார்க்கறார், டிரையர் முழுக்க என் பொறுப்பு.

மெஷின் விவரம் சொல்லிடறேன். மேலே சுழலும் டிஸ்க். சூடான காத்தும் தெளிப்பும் ஒரே திசையில கீழே இறங்கும். அடியில கூம்பு, அடுத்து காத்துல இருந்து பவுடரைப் பிரிக்கற சைக்ளோன், அதுக்கும் அடுத்து பை ஃபில்டர். மணிக்கு 50 கிலோ தண்ணியை ஆவியாக்கும். காத்துக்கு விறகு அடுப்புதான், ஆனா நடுவுல எக்ஸ்சேஞ்சர் இருக்கறதால புகை உள்ளே வராது. உள்ளே போற காத்து 170 டிகிரி, வெளியே வர்றது 85.

வெறும் மால்டோடெக்ஸ்ட்ரினை, அதாவது மாவை வெட்டிச் செய்யற பவுடரை, கரைச்சு விட்டா ஒரு குறையும் இல்லை, வெள்ளை வெளேர்னு பறந்து வந்து டிரம்முல விழுது. ஐஸ்கிரீம் போடற ஒருத்தர் மாம்பழப் பவுடர் கேட்டார். கிருஷ்ணகிரியில இருந்து தோதாபுரி கூழ் வாங்கினேன், 15 பிரிக்ஸ், அதாவது நூத்துக்கு 15 பங்கு சர்க்கரை மாதிரி கரைஞ்ச திடம். 100 கிலோ கூழுக்கு 10 கிலோ மால்டோடெக்ஸ்ட்ரின், டி.இ. 20. அங்கதான் பிரச்சினை. கூம்பு முழுக்கப் பிசின் மாதிரி படியுது. சைக்ளோன் அடிவாய் அடைச்சுக்குது. கிடைக்கற கொஞ்ச பவுடரைக் கவர்ல போட்டு வெச்சா மறுநாள் காலையில செங்கல் கட்டி ஆகிடுது. சரியா காயலையோன்னு உள்ளே போற சூட்டை 190-க்கு ஏத்தினேன், இன்னும் அதிகமா ஒட்டுது.

இதுக்கு நடுவுல அப்பா கேக்கறார்: "நம்ம களத்துல ஸ்டார்ச் மூட்டை மூட்டையா கெடக்கு. மக்காச்சோளத்துல செஞ்ச பவுடரை எதுக்குக் காசு குடுத்து வாங்கறே? நம்ம மாவையே கலந்து விடு." அவர் கேக்கறது நியாயமாத்தான் படுது. ஐஸ்கிரீம்காரரும் மால்டோடெக்ஸ்ட்ரினை இன்னும் குறைக்க முடியுமான்னு கேக்கறார்.

ஏன் ஒட்டுது, எங்க ஸ்டார்ச்சைப் போடலாமா, மால்டோடெக்ஸ்ட்ரினை எவ்வளவு வரைக்கும் குறைக்கலாம்? இந்த வேலை செஞ்சு பார்த்தவங்க சொன்னா பெரிய உதவியா இருக்கும்.

ஷிப்ட்_ஈரோடு

அக்கா, 85 அவுட்லெட் மாம்பழத்துக்கு ரொம்ப அதிகம். 75-க்கு இறக்கிப் பாருங்க. கவர்ல கட்டி ஆகாம இருக்க சிலிக்கான் டையாக்சைடு, அதாவது ஐ.என்.எஸ். 551, கொஞ்சம் கலக்கலாம், மசாலா பவுடர்ல எல்லாம் போடறதுதான். கூழை நல்லா சலிச்சு ஹோமோஜினைசர்ல விட்டீங்களா? நார் இருந்தா டிஸ்க் துளையில சிக்கிக்கிட்டு தெளிப்பு ஒரு பக்கமா அடிக்கும்.

அடிவாரத்து_டிரையர்

ஏற்காடு அடிவாரத்துல குடியிருக்கேன்ம்மா. வேலை பார்த்த காலம் பூரா ஸ்டார்ச், குளுக்கோஸ், மால்டோடெக்ஸ்ட்ரின்னு டிரையர் பக்கத்துலயேதான் நின்னிருக்கேன். சேகோ மில் வீட்டுப் பிள்ளை டிரையரைத் தனியா எடுத்து நடத்தறீங்கன்னு படிச்சதும் விரிவா எழுதணும்னு தோணுச்சு. பொறுமையா படிங்க.

முதல்ல, ஈரோட்டுத் தம்பி சொன்ன 551 சுவர்ல ஒட்டறதை நிறுத்தாது. காஞ்சு முடிஞ்ச பவுடர் ஒண்ணோட ஒண்ணு உரசிக் கட்டி ஆகாம, சரளமா விழறதுக்குத்தான் அது. உங்க பிரச்சினை அதுக்கு முன்னாடியே, சேம்பருக்குள்ளயே ஆரம்பிச்சிடுது. அவுட்லெட்டைக் குறைக்கணும்னு தம்பி சொன்னது சரி. ஆனா ஏன் குறைக்கணும்னு தெரிஞ்சாத்தான் எவ்வளவுன்னு தெரியும்.

கமர்கட்டை நினைச்சுப் பாருங்க. நிழல்ல கல்லு மாதிரி இருக்கும். வெயில்ல சட்டைப் பைக்குள்ள கெடந்தா குழைஞ்சு துணியைப் பிடிச்சுக்கும். டிரையர்ல வேகமா காயற சர்க்கரையும் அதே ஜாதிதான். பரல் பரலா படிகம் கட்ட அதுக்கு நேரம் கெடைக்கறதில்லை, கண்ணாடி மாதிரி உறைஞ்சு நிக்குது. ஒவ்வொரு சர்க்கரைக்கும் ஒரு சூடு உண்டு. அதுக்குக் கீழே கண்ணாடி, அதுக்கு மேலே ரப்பர். இந்தச் சூட்டைத் தொழில்ல டிஜின்னு சொல்லுவோம். ஒரு பொருள் அதோட டிஜியைத் தாண்டி 10, 20 டிகிரி மேலே போனா ஒட்ட ஆரம்பிச்சிடும்.

கணக்கு இதுதான். துளி ஈரமும் இல்லாம பார்த்தா சுக்ரோஸுக்கு டிஜி 62 டிகிரி, குளுக்கோஸுக்கு 31, ஃபிரக்டோஸுக்கு வெறும் 5. மாம்பழத்துல இந்த மூணும் இருக்கு, பழப் புளிப்பு வேற அதை இன்னும் கீழே இழுக்கும். மால்டோடெக்ஸ்ட்ரின் பக்கம் பாருங்க: டி.இ. 20-க்கு 141, டி.இ. 10-க்கு 160, டி.இ. 5-க்கு 188. டி.இ.ங்கறது மாவுச் சங்கிலி எவ்வளவு வெட்டுப்பட்டிருக்குன்னு காட்டற அளவு. வெட்டாத மாவு 0, முழுக்க வெட்டின குளுக்கோஸ் 100. 20-க்குக் கீழே இருந்தா மால்டோடெக்ஸ்ட்ரின், அதைத் தாண்டினா குளுக்கோஸ் சிரப் பவுடர். சங்கிலி நீளமா இருக்க இருக்க டிஜி மேலே போகும்.

இதுல தண்ணிதான் எல்லாத்தையும் கெடுக்கும். தண்ணியோட டிஜி மைனஸ் 135, அதனால கொஞ்சம் ஈரம் இருந்தாலும் போதும். சுக்ரோஸ்ல 3 சதவீத ஈரம் நின்னா டிஜி 62-ல இருந்து 36, 37-க்கு வந்துடும். டி.இ. 10 மால்டோடெக்ஸ்ட்ரின்ல 4 சதவீதம் நின்னாலும் 90-ஐ ஒட்டித்தான் இருக்கும். வெறும் மால்டோடெக்ஸ்ட்ரின் உங்க 85 டிகிரி அவுட்லெட்லயும் ஏன் சிக்கலில்லாம பறக்குதுன்னு இப்பப் புரியும். அவுட்லெட் காத்தை விடப் பவுடர் 10 டிகிரி போலக் கம்மியாத்தான் இருக்கும், அப்ப அது இன்னும் கண்ணாடிதான். மாம்பழம் கலந்த பவுடர் அந்தச் சூட்டுக்கு ரொம்ப முன்னாடியே ரப்பர் ஆயிடுச்சு.

190-க்கு ஏத்தினதும் ஏன் மோசமாச்சு? பம்பு வேகத்தை மாத்தாம இன்லெட்டை மட்டும் ஏத்தினா அவுட்லெட்டும் சேர்ந்து ஏறும், பவுடர் டிஜியை விட்டு இன்னும் தூரம் போயிடும். பம்பையும் கூட்டி அவுட்லெட்டை அங்கேயே நிறுத்தினாலும் சேம்பர் காத்துல ஈரம் கூடும், அந்த ஈரம் பவுடர்ல ஏறி டிஜியை இறக்கும். ரெண்டு வழியும் உங்களுக்கு ஆகாது.

நீங்க பண்ண வேண்டிய முதல் வேலை அளக்கறதும் இல்லை, வாங்கறதும் இல்லை. டிரையரை நிறுத்தினதும் அது முழுசா ஆறறதுக்கு முன்னாடி கதவைத் திறந்து டார்ச் அடிச்சுப் பாருங்க. எங்கே படிஞ்சிருக்குங்கறதுலயே பாதி விஷயம் தெரிஞ்சிடும். டிஸ்க் இருக்கற மட்டத்துல சுவரைச் சுத்தி வளையம் கட்டின மாதிரி, பளபளன்னு ஈரமா இருந்தா துளி காயறதுக்குள்ளயே சுவருக்குப் போயிடுதுன்னு அர்த்தம். டிஸ்க் வேகம் பத்தலை, இல்லைன்னா கரைசல் ரொம்பக் கெட்டி. மேல்தட்டுல படிஞ்சிருந்தா காத்து சுழல்ற விதத்துல கோளாறு, காத்து பரப்பற தட்டைப் பார்க்கணும். கூம்புல மட்டும் இருந்தா ஸ்பேட்டுலாவால ஒரு சுரண்டு எடுங்க. சூட்டோட இருக்கறப்ப அது தோல் மாதிரி இழுபடும். கைல வெச்சிருந்து ஆறினதும் வளைச்சா டக்குனு உடையும், உடைஞ்ச ஓரம் கண்ணாடிச் சில்லு மாதிரி மின்னும். அப்படின்னா நூத்துக்கு நூறு டிஜி பிரச்சினை, டிஸ்க் மேல பழி போட வேண்டாம். சைக்ளோன் அடியில மட்டும் அடைச்சா, சூடான பவுடர் அங்கே தேங்குது, இல்லைன்னா பவுடரை மட்டும் கீழே விட்டுக் காத்தை அடைக்கற ஏர்லாக் வழியா வெளிக்காத்து உள்ளே ஏறுது. டிரம்மை மாத்தறப்ப வாய்ல ஒரு டிஷ்யூ பேப்பரைப் பிடிச்சுப் பாருங்க, மேல உறிஞ்சினா ஏர்லாக் ஒழுகுது.

அப்பா கேட்டதுக்கு வர்றேன். மாவை அப்படியே கலக்க முடியாதும்மா. பச்சை ஸ்டார்ச் குளிர்ந்த தண்ணில கரையாது, பரலாவே மிதந்துட்டு அடியில வந்து உட்காரும். உங்க பால் தொட்டியில தினமும் பார்க்கறதுதானே. அந்தப் பரல் மாம்பழச் சர்க்கரையைத் தனக்குள்ள வாங்காது. டிரையர்ல சர்க்கரை தனி, மாவு தனின்னு காயும். சர்க்கரை ஒட்டத்தான் ஒட்டும், அதைத் தின்னா வாயில சுண்ணாம்பு மாதிரி நறநறக்கும். சரி, சூடு பண்ணிக் கரைக்கலாம்னா குச்சிக்கிழங்கு மாவு 65, 70 டிகிரியைத் தொட்டதுமே கஞ்சி ஆயிடும். தண்ணில நூத்துக்கு அஞ்சாறு பங்கு மாவு இருந்தாலே கூழு. அதை எந்த டிஸ்க்கும் துளியா உடைக்காது.

ஆனா அப்பா நினைப்பு வீண் போகாது. அந்த மாவை என்சைம் போட்டு வெட்டினா அதுவே மால்டோடெக்ஸ்ட்ரின். மாவுப்பாலை 30, 35 சதவீதத்துக்குக் கரைச்சு, பி.எச். 6 பக்கம் வெச்சு, சூடு தாங்கற ஆல்ஃபா அமைலேஸ் போட்டு 95-ல இருந்து 105 டிகிரி வரைக்கும் கொண்டு போனா கஞ்சி நீர்த்துத் தண்ணி மாதிரி ஓடும். வேணுங்கற டி.இ. வந்ததும் என்சைமை நிறுத்தி, வடிகட்டி, கரியில நிறம் எடுத்து, கெட்டியாக்கி டிரையருக்கு விடணும். இதுல குச்சிக்கிழங்குக்கு மக்காச்சோளத்தை விட ரெண்டு சௌகரியம் இருக்கு. புரதமும் கொழுப்பும் ரொம்பக் கம்மிங்கறதால வடிகட்டறப்ப சகதி கம்மி, சுவையும் சுத்தம். அமைலோஸ் கம்மிங்கறதால ஆறினதும் கரைசல் சீக்கிரம் கலங்காது. இன்னொண்ணும் கவனிங்க. மாவை வெளுக்க குளோரின் மருந்து போடற பழக்கம் எங்கயாவது இருந்தா, அந்த மாவை இதுக்குத் தொடவே கூடாது. அதோட மிச்சம் என்சைமைக் கொன்னுடும், சாப்பாட்டுப் பொருள்ல அதுக்கு வேலையும் இல்லை. நல்ல தண்ணில நல்லாக் கழுவின மாவா இருந்தாலே போதும்.

குச்சிக்கிழங்கு_ஆத்தூர்

ஐயா, ரொம்ப நன்றி. நீங்க சொன்னபடியே சூடு இருக்கறப்பவே திறந்து பார்த்தேன். டிஸ்க் மட்டத்துல சுத்தமா இருக்கு. கூம்புலயும் சைக்ளோன் அடியிலயும்தான். சுரண்டி எடுத்தது மஞ்சளா இழுபட்டுச்சு, ஆறினதும் அப்பளம் உடையற சத்தத்தோட உடைஞ்சது. டிஷ்யூ பேப்பரும் மேல இழுத்துச்சு, ஏர்லாக்கோட ரப்பர் ஓரம் தேய்ஞ்சு போயிருக்கு, மாத்தச் சொல்லிட்டேன். எங்க மில்லுல குளோரின் கிடையாது, கிணத்துத் தண்ணிதான்.

இனி எந்த அளவுல ஆரம்பிக்கணும்? ஐஸ்கிரீம்காரருக்கு என்ன பதில் சொல்றது?

காப்பித்தோட்டம்_ஏற்காடு

குறுக்கே வர்றேன், மன்னிக்கணும். நாங்க மலை மேல, 1500 மீட்டர் உயரத்துல. தேன் எடுக்கறோம், காப்பியும் மிளகும் உண்டு. வெளியில டிரை பண்ணி வாங்கின தேன் பவுடர் பாக்கெட்டைப் பனி இறங்கற நேரத்துல திறந்து வெச்சா, மூடறதுக்குள்ளயே ஓரம் ஈரமாகி ஒட்டிக்கும். மாம்பழம் மாதிரியே தேனையும் இவங்க டிரையர்ல போடலாமா? ஆத்தூர் தங்கச்சி ஒப்புக்கிட்டா எங்க தேனை அங்கேயே அனுப்பிடுவோம்.

அடிவாரத்து_டிரையர்

முதல்ல ஏற்காட்டுக்கு. தேன்ல ஃபிரக்டோஸ்தான் அதிகம், கிட்டத்தட்ட 38 சதவீதம், குளுக்கோஸ் 31 போல. மாம்பழத்தை விடக் கஷ்டமான ஆள். திடத்துல பாதிக்கு மேல மால்டோடெக்ஸ்ட்ரின் போட்டாத்தான் நிக்கும். அப்புறம் அதைத் தேன்னு விக்க முடியாது, தேன் பவுடர்னு போட்டு லேபிள்ல மால்டோடெக்ஸ்ட்ரினையும் எழுதியாகணும். மாம்பழம் நல்லா ஓடினப்புறம் தேனைப் பத்திப் பேசலாம்.

ஆத்தூர்ப் பிள்ளைக்கு. எல்லாரும் தடுமாறற இடம் கலவைக் கணக்குதான். 100 கிலோ கூழுக்கு 10 கிலோன்னு சொன்னீங்க. கேக்கறதுக்குப் பத்துல ஒரு பங்கு மாதிரி இருக்கும். ஆனா தண்ணி போயிடுது, கணக்குல வர்றது திடம் மட்டும்தான். 15 பிரிக்ஸ் கூழ் 100 கிலோல திடம் 15 கிலோ. உங்க பவுடர்ல மாம்பழம் 60, மால்டோடெக்ஸ்ட்ரின் 40. அதுவும் டி.இ. 20. இதைத் திருப்புங்க. மாம்பழம் 40, மால்டோடெக்ஸ்ட்ரின் 60-ல ஆரம்பிங்க, டி.இ. 10 இல்லைன்னா அதுக்கும் கீழே. அப்ப 100 கிலோ கூழுக்கு 22.5 கிலோ ஆகும். அது சுத்தமா ஓடினப்புறம் கொஞ்சம் கொஞ்சமா மாம்பழத்தை ஏத்துங்க. கூம்புல முதல் தோல் எப்ப விழுதோ அதுக்கு ஒரு படி கீழதான் உங்க மெஷினோட எல்லை. இந்த எல்லை ஒவ்வொரு டிரையருக்கும் மாறும், அடுத்தவங்க எண்ணை வாங்கிப் பிரயோஜனம் இல்லை.

ஐஸ்கிரீம்காரர் கிட்ட நேராச் சொல்லிடுங்க: மால்டோடெக்ஸ்ட்ரினைக் குறைச்சா பவுடர் வராது, பாகுதான் வரும். அவருக்கு மாம்பழம் கூட வேணும்னா இன்னொரு வழி இருக்கு. மோர்ப் புரதம், அதாவது வே புரோட்டீன், திடத்துல ஒரு சதவீதம் போலப் போட்டாலே துளி காயறப்ப அது மேற்பரப்புக்கு ஓடி மெல்லிசா ஏடு கட்டும், ஒட்டறது நல்லாக் குறையும். ஐஸ்கிரீம்ல பால் இருக்கத்தானே போகுது, அவருக்கு உறுத்தாது. ஆனா பால் ஒவ்வாதவங்க இருக்காங்க, லேபிள்ல பால் பொருள்னு கட்டாயம் வரணும்.

சூட்டுக்கு வருவோம். இன்லெட்டை 150-க்கு இறக்குங்க, பம்பைச் சரி பண்ணி அவுட்லெட் 75 பக்கம் நிக்கட்டும். ரொம்பவும் கீழே போயிடாதீங்க. அவுட்லெட் இறங்க இறங்க வெளியே வர்ற காத்தோட ஈரப்பதம் ஏறும், பவுடர் ஈரமாகும், டிஜி கீழே வரும். ஒரு பக்கம் இழுத்தா இன்னொரு பக்கம் வரும், நடுவுல ஒரு இடத்தைப் பிடிக்கணும். நம்ம பக்கம் சித்திரை வெயில்ல நல்லா ஓடின செட்டிங் ஐப்பசி அடைமழையில ஓடாது, உறிஞ்சற காத்துலயே ஈரம் நிறைஞ்சிருக்கும். அந்த மாசங்கள்ல பம்பைக் குறைச்சு ஓட்டுங்க. காசு சேர்ந்ததும் காத்தை உலர்த்தற டிஹியூமிடிஃபையர் ஒண்ணு போடலாம், வேற எந்தச் செலவை விடவும் அது பலன் தரும்.

சைக்ளோன் அடியில சூடான பவுடரை நிக்க விடாதீங்க. டிரம்முல விழுந்ததைச் சூட்டோட கவர்ல போட்டுக் கட்டறதுதான் மறுநாள் செங்கல் ஆகறதுக்குக் காரணம். பவுடரோட சூடு வெளியேற வழி இல்லாம மூட்டை நடுவுல தங்கிடுது. டிஜிக்கு மேல ராத்திரி பூரா ஒண்ணோட ஒண்ணு அழுந்திக் கெடந்தா ஒட்டத்தானே செய்யும். உலர்ந்த குளிர் காத்துல, முடிஞ்சா அடியில இருந்து காத்தை ஊதிப் பவுடரை மிதக்க விடற சின்ன ஃபுளூயிட் பெட்ல, 30 டிகிரி பக்கம் இறக்கிட்டு அப்புறம் பேக் பண்ணுங்க. பேக்கிங் அறையில ஏசி ஓடணும், கவர் அலுமினியம் ஃபாயில் லேமினேட். வெறும் பாலிதீன் போதாது.

ஷிப்ட்_ஈரோடு

ஐயா சொன்னதோட ரெண்டு விஷயம் சேர்க்கறேன் அக்கா. 15 பிரிக்ஸ் கூழுக்குப் பதிலா கிருஷ்ணகிரியிலேயே 28 பிரிக்ஸ் கான்சென்ட்ரேட் வாங்குங்க. ஐயா சொன்ன 40-க்கு 60 கணக்கையே போட்டுப் பாருங்க. 15 பிரிக்ஸ்ல 100 கிலோ கூழுக்கு 85 கிலோ தண்ணியை ஓட்டி 37.5 கிலோ திடம் கிடைக்கும், அதாவது ஒரு கிலோவுக்கு 2.27 கிலோ தண்ணி. 28 பிரிக்ஸ்ல 100 கிலோவுக்கு 42 கிலோ மால்டோடெக்ஸ்ட்ரின் சேர்த்தா 70 கிலோ திடம், தண்ணி 72 கிலோதான். அது டிஸ்க்குக்குக் கெட்டியா இருக்கும், 40 சதவீதத்துக்கு நீர்த்தாலும் ஒரு கிலோவுக்கு 1.5 கிலோ தண்ணிதான் ஆகும். அதே 50 கிலோ டிரையர்ல மணிக்கு 22 கிலோ வந்த இடத்துல 33 கிலோ வரும், விறகு செலவும் கூடாது. தண்ணியை எவாப்பரேட்டர்ல எடுக்கறது எப்பவுமே மலிவு. டிரையர்ல எடுக்கறது ரொம்பக் காசு.

ரெண்டாவது விஷயம் முக்கியம். பழைய டிரையர்னு சொன்னீங்க. உள்ளே வெடிச்சா அழுத்தத்தை வெளியே விடற வெடிப்பு வென்ட் தகடு இருக்கா, இருந்தா வெல்டு அடிச்சு மூடி வெச்சிருக்காங்களான்னு இன்னைக்கே பாருங்க. ஒழுகுதுன்னு மூடின டிரையரை நானே பார்த்திருக்கேன். மாவுத்தூசியும் சர்க்கரைத்தூசியும் காத்துல பரவி நின்னா வெடிமருந்துதான். 2008 பிப்ரவரி 7-ல அமெரிக்காவுல ஜார்ஜியா மாநிலத்துல போர்ட் வென்ட்வொர்த்ங்கற ஊர்ல இம்பீரியல் சுகர் ஆலை சர்க்கரைத்தூசியில வெடிச்சு 14 பேர் செத்தாங்க. முதல் வெடிப்புல அதிர்ந்து, உத்திரத்துலயும் தரையிலயும் படிஞ்சிருந்த தூசி கிளம்பி அடுத்தடுத்து வெடிச்சதுதான் அவ்வளவு சேதத்துக்குக் காரணம். ஷெட்ல உத்திரம், கேபிள் டிரே மேல எல்லாம் தூசி படிய விடாதீங்க. கம்ப்ரஸர் காத்தால ஊதாதீங்க, வேக்யூம் பண்ணுங்க. சேம்பர், சைக்ளோன், டிரம், பை ஃபில்டர் கூண்டு எல்லாத்துக்கும் எர்த் இருக்கான்னு எலக்ட்ரீஷியனை வெச்சு மீட்டர்ல பார்த்துடுங்க. கூம்புல ஒட்டற கட்டி சூட்டுலயே கெடந்து உள்ளுக்குள்ள கருகி, கங்கு மாதிரி ஆகும். பவுடர்ல கறுப்புப் புள்ளி வந்தா உடனே நிறுத்துங்க.

குச்சிக்கிழங்கு_ஆத்தூர்

தம்பி, வென்ட் தகட்டைப் பார்த்தேன். வெல்டு இல்லை, ஆனா அதுக்கு நேர் எதிர்ல மூணடி தூரத்துலதான் பேக்கிங் மேஜை போட்டிருக்கு. பொம்பளைங்க நாலு பேர் அங்கேதான் உட்கார்ந்து கவர் ஒட்டறாங்க. இன்னைக்கே மேஜையை எடுத்துடறேன். வென்ட்டுக்கு வெளிச்சுவர் வரைக்கும் குழாய் போடறது பத்தி மெஷின் தெரிஞ்சவர் ஒருத்தரைக் கூப்பிட்டிருக்கேன்.

ஐயா, நீங்க சொன்ன 40-க்கு 60 கலவையை டி.இ. 10 வெச்சு ஓட்டினேன். கூம்பு சுத்தமா இருக்கு, மேல தட்டினா பவுடர் உதிருது. ஐஸ்கிரீம்காரருக்குச் சாம்பிள் குடுத்தாச்சு, மாம்பழ வாசனை குறைவா இருக்குன்னு சொன்னார், அதனால அடுத்து வே புரோட்டீன் வெச்சு மாம்பழத்தைக் கூட்டிப் பார்க்கப் போறேன். அப்பாவுக்கு என்சைம் சமாச்சாரம் ரொம்பப் பிடிச்சுப் போச்சு. ஒரு டிரம்முல மாவுப்பால் கரைச்சு முயற்சி பண்ணிப் பார்க்கலாம்னு நிக்கறார். எங்க கிட்ட லேப் இல்லை. எங்க நிறுத்தணும்னு எப்படித் தெரியும்?

அடிவாரத்து_டிரையர்

சந்தோஷம்மா. மேஜையை எடுத்தது எல்லாத்தையும் விட நல்ல காரியம்.

அப்பா ஆசைப்படறதைச் சின்ன அளவுல செஞ்சு பாருங்க. சூடு தாங்கற என்சைம் வாங்கறப்ப உணவுத் தரம்னு எழுதினதா, எந்த பி.எச்.ல எவ்வளவு போடணும்னு தாள் குடுக்கறாங்களான்னு பாருங்க. மாவுப்பாலைச் சூடு ஏத்தறதுக்கு முன்னாடியே என்சைம் கலந்திருக்கணும். கஞ்சி ஆனப்புறம் போட்டா கிளறவே முடியாது, அடியில பிடிச்சுக்கும். முதல்ல கெட்டியாகும், உங்க அப்பா கை ஓயறப்ப திடீர்னு இளகும். அந்த இடத்துல இருந்துதான் கவனிக்கணும்.

லேப் இல்லாம பார்க்க அயோடின் போதும். மருந்துக் கடை டிங்சரையே தண்ணில மெலிசாக் கரைச்சு ஒரு சொட்டு பாட்டில்ல வெச்சுக்கங்க. வெள்ளை டைல்ஸ் துண்டுல அயோடின் சொட்டுகளை வரிசையா வெச்சுடுங்க. டிரம்ல இருந்து ஒரு சொட்டு எடுத்து ஆறவிட்டு ஒவ்வொண்ணுலயும் விடுங்க. சூட்டோட விட்டா நிறம் ஏமாத்தும். ஆரம்பத்துல மை மாதிரி நீலம். வெட்டுப்பட வெட்டுப்பட ஊதா, அப்புறம் செம்பழுப்பு. அதையும் தாண்டினா நிறமே எடுக்காது, அயோடினோட மஞ்சள்தான் தெரியும். நீலம் போய் ஊதா கலந்த செம்பழுப்பு வர்ற இடம்தான் உங்களுக்கு வேணும். நிறமே இல்லாத இடம் வரைக்கும் விட்டீங்கன்னா டி.இ. ஏறிடும், மறுபடியும் கூம்புல ஒட்டற கதைதான்.

அந்த நிறம் வந்ததும் சிட்ரிக் இல்லைன்னா உணவுத் தர ஹைட்ரோகுளோரிக் அமிலம் போட்டு பி.எச். 3.5-க்குக் கீழே இறக்கி, 90-க்கு மேல சூட்டுலயே கொஞ்ச நேரம் வெச்சா என்சைம் செத்துடும். செத்துச்சான்னு பார்க்க, பி.எச்.சை மறுபடி 6 பக்கம் ஏத்தி, சின்ன கிளாஸ்ல கொஞ்சம் எடுத்து அதுல ஒரு கரண்டி புதுக் கஞ்சியைக் கலந்து, வெந்நீர்ப் பாத்திரத்துல வையுங்க. கஞ்சி கெட்டியாவே நின்னா நல்லது. இளகிச்சுன்னா என்சைம் இன்னும் உயிரோட இருக்கு. அந்த நிலையில வெச்சா டி.இ. ராத்திரியில தானா ஏறும்.

சரியான டி.இ. எண் வேணும்னா, விக்கறதுக்கு முன்னாடி கட்டாயம் வேணும், ஃபெஹ்லிங் கரைசல்ல டைட்ரேஷன் பண்ணிக் குடுக்கற உணவுப் பரிசோதனைக் கூடத்துல குடுங்க. எந்தக் கிழங்கு ரகம் போட்டா மாவு அதிகம் வரும்னு உங்களுக்குப் பக்கத்துலயே ஏத்தாப்பூர்ல மரவள்ளி ஆராய்ச்சி நிலையம் இருக்கு, போய்க் கேளுங்க. டிரம் அளவைத் தாண்டி பெரிசா போகணும்னு முடிவு பண்ணினா அதுக்கு முன்னாடி தஞ்சாவூர்ல இருக்கற உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் நிஃப்டெம்ல பேசுங்க. கழுவற தண்ணி, கரி, வடிகட்டற துணின்னு இதுல கழிவு நிறைய வரும். உங்க திப்பித் தண்ணிக்கு இருக்கற தொட்டி இதுக்கும் தாங்குமான்னு அப்பா கிட்ட முதல்லயே கேட்டு வெச்சுக்கங்க.